முற்றத்து அணிலுக்கும் ஒரு கணக்கு



2025 மார்ச் 15 ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள்? அன்று சனிக்கிழமை. எட்டு மணி தொடங்கி எட்டு ஐந்து வரை, ஐந்தே ஐந்து நிமிடம், அவரவர் வளவிலும் தோட்டத்திலும் நின்று கண்ணில் படும் குரங்கு, மந்தி, மயில், மர அணில் எல்லாவற்றையும் எண்ணிப் படிவத்தில் எழுதித் தரும்படி விவசாய அமைச்சு நாட்டு மக்களைக் கேட்டிருந்தது. பயிரை அழிக்கும் விலங்குகள் எத்தனை என்று தெரியாமல் எதையும் திட்டமிட முடியாது என்பது அதன் நியாயம். பக்கத்து வீட்டு வேலியில் இருக்கும் மயில் யார் கணக்கில் வரும், எண்ணி முடிக்குமுன் பாய்ந்துவிட்ட குரங்கை அடுத்த வளவுக்காரரும் எழுதினால் என்ன செய்வது என்று பகிடி பண்ணியவர்கள் ஒரு மாதம் வரை பண்ணிக்கொண்டே இருந்தார்கள். கணக்கெடுப்புக்கு ஐந்து கிழமைக்கு முன்னர்தான், பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு இலங்கையும் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. விலங்குகள் மேல் அரசாங்கத்துக்கு அந்த நேரம் இருந்த கோபம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான்.

அந்த நாட்களில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. "வீட்டு மாமரத்தில ஓடுற அணிலையும் எழுத வேணுமோ?" தேவையில்லை. அரசாங்கம் கேட்டது காட்டோரத்துப் பெரிய மர அணிலை. முதுகில் மூன்று வரி போட்டுக்கொண்டு கிணற்றடியில் ஓடித் திரியும் சின்ன அணிலை யாரும் எண்ணச் சொல்லவில்லை. நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பெரியவரும் இடையில் வருவார்.

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அணில் கடிதங்களும் வரத் தொடங்கும். திருகோணமலையில் ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரைதான் மழை. மற்ற மாதங்களில், அதுவும் வைகாசி முதல் ஆவணி வரை, நிலம் வெடித்துக் கிடக்கும். காட்டிலும் பற்றையிலும் ஈரம் வற்றிப்போகும்போது அணில் வீட்டுப் பக்கம் அதிகம் வரும். கிணற்றடி வாய்க்காலில் தண்ணீர் இருக்கும், வாழை நிற்கும், மாமரத்தில் பழம் இருக்கும். அப்போது வரும் கடிதங்களில் பாதி முறைப்பாடு: கொய்யாப்பழம் ஒன்றும் மிஞ்சவில்லை, கறுத்தக்கொழும்பானில் பழுத்ததெல்லாம் பாதிப் பாதியாய்க் கிடக்கிறது, ஓட்டுக்குள் கூடு வைத்து வயரைக் கடித்துவிட்டது, ஐயா இதற்கு என்ன மருந்து? மற்றப் பாதி, கூட்டில் இருந்து விழுந்த குட்டியைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு என்ன பால் கொடுப்பது என்று கேட்கும் பிள்ளைகளின் கடிதம். ஒரே வீட்டில் இருந்து இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது. தகப்பன் மருந்து கேட்டார், மகள் பால் கேட்டாள்.

நமது முற்றத்து அணில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. வடஇந்தியாவில் வீட்டுப் பக்கம் திரிவது ஐந்து வரி அணில், அது வேறு இனம். நமக்கு மூன்று. இந்த மூன்றை நமது முன்னோர் சரியாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியலில் எந்த விலங்கின் இளமையை எந்தப் பெயரால் சொல்வது என்று வகுக்கும் இடத்தில், வரி மூன்று என்ற அடையாளத்தோடுதான் அணில் வருகிறது, எலியும் காட்டுப்பூனையும் இருக்கும் அதே வரிசையில். ஐரோப்பியர் கணக்கில் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் லின்னேயஸ், 1766 இல். இலங்கை அணில்களிலேயே ஒரு பிரிவுக்குக் கெலார்ட் என்பவரின் பெயர் இருக்கிறது. எட்வர்ட் பிரெட்ரிக் கெலார்ட் இலங்கையில் பிறந்த வைத்தியர், 1852 இல் இந்த நாட்டு விலங்குகளைப் பற்றி நூல் எழுதியவர். அவரை நமது ஊர்க்காரர் என்றே சொல்லிக்கொள்ளலாம். 1850களில் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்துகொண்டுதான் முத்துச்சிப்பியையும், ஓடில்லாத வண்ண வண்ணக் கடல் நத்தைகளையும் அவர் ஆராய்ந்தார். அணிலுக்கு அவர் பெயரை வைத்தவர் அவரது காலத்து மற்றொரு இயற்கை ஆய்வாளரான லயாட். லயாட்டின் பெயரிலும் இலங்கையில் ஓர் அணில் உண்டு, ஈரவலயக் காடுகளில். ஆளுக்கு ஆள் அணிலால் மரியாதை செய்துகொண்ட காலம்.

வரியைச் சொன்னால் இராமர் வராமல் இருப்பாரா? அணைக்கு மணல் சுமந்த அணிலை அவர் தடவிக்கொடுத்த கதை வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. ஆனாலும் அணில் கடலில் தோய்ந்து மணலில் புரண்டு அணைகட்ட உதவியதைத் தொண்டரடிப்பொடியாழ்வார் தமது திருமாலையில் சொல்லியிருக்கிறார், அதாவது ஆயிரம் வருடத்துக்கு மேலாகத் தமிழர் நெஞ்சில் இருக்கும் கதை. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இராவணன் வெட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தாய்க்காகச் சுவாமி மலையையே பெயர்க்கப் பார்த்த இராவணனின் வாள் பட்ட இடம் என்பது ஐதீகம். அந்த வெட்டுக்கு மேலே உள்ள மரங்களில் இராமர் தடவிய அணில் எந்தப் பகையும் இல்லாமல் ஓடித் திரிகிறது. கட்சி மாறியது என்று அதை யாரும் குற்றம் சொன்னதாய்த் தெரியவில்லை.

கதையை விட்டு ஆளைப் பார்ப்போம். எங்கள் அலுவலகப் பின்வளவில் பழைய தும்புக் கயிறு ஒன்று வேலிக் கதியாலில் கட்டிக் கிடக்கும். போன மாசியில் ஒரு பெண் அணில் அதைக் கண்டுபிடித்துவிட்டது. பின்னங்கால் இரண்டாலும் கதியாலைப் பிடித்துத் தலைகீழாய்த் தொங்கும். பல்லால் கயிற்றில் ஒரு புரியைக் கிளப்பி, முன்கை இரண்டாலும் இழுத்து இழுத்து மடித்து வாய்க்குள் திணிக்கும். ஒரு பிடி சேர்ந்ததும் வாயின் இரண்டு பக்கமும் தும்பு நீட்டிக்கொண்டு நிற்க, பழைய காலத்து விதானையார் மீசையோடு புறப்பட்டதுபோல் மதில் வழியே ஓடும். மதிலில் இருந்து முருங்கை, முருங்கையில் இருந்து வேம்பு, வேம்பில் இருந்து கூரை. ஒரு தடவைகூட நிலத்தில் இறங்கிப் போகவில்லை, எங்கள் பூனை நிலத்தில்தான் படுத்திருந்தது. போகும் வழியில் பூனையைக் கண்டால் நின்று, வாயில் தும்போடேயே கீச் கீச் என்று கத்தும். ஒவ்வொரு கீச்சுக்கும் வால் ஒருமுறை வெட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கும் புலுனிக் கூட்டம் அத்தனையும் ஒரேயடியாய் வேலிக்கு மேலே ஏறிவிடும். பாம்பு ஊர்ந்தாலும் வைரி வட்டமிட்டாலும் இதே கதைதான். எங்கள் பின்வளவில் சாரைப்பாம்பு வந்தால் முதலில் சொல்வது அணில், பிறகு புலுனி, கடைசியில்தான் நாங்கள்.

தும்பு, புல், பழைய துணி நூல் எல்லாம் சேர்த்துக் கட்டும் அந்தக் கூட்டில், சினைப்பட்டு ஏறக்குறைய 34 நாளில் இரண்டோ மூன்றோ குட்டி பிறக்கும். கண் திறவாத, மயிர் முளைக்காத குட்டிகள். வளர்ந்த அணிலின் நிறையே நூறு கிராம் அளவுதான். இரண்டு மாதத்துக்கு மேல் தாயின் பாலில் வளரும். இந்த இரண்டு மாதக் கணக்கை மனதில் வைத்திருங்கள், பிறகு வேண்டும்.

இனி முறைப்பாட்டுக்கு வருவோம். அணில் பழம் தின்னும், உண்மை. குருவிக் கூட்டில் முட்டை கண்டால் அதையும் விடாது. வயரையும் கடிக்கும், ஏனென்றால் அதன் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்க்காவிட்டால் அதற்கே ஆபத்து. மின்சாரத்துக்கும் அணிலுக்கும் உள்ள வழக்கு உலகம் முழுவதும் நடக்கிறது. 1987 டிசம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில் ஓர் அணில் மின்கம்பியில் சிக்கியதில் நாஸ்டாக் பங்குச்சந்தையின் வியாபாரம் 82 நிமிடம் நின்றுபோனது. 2021 ஜூனில் தமிழ்நாட்டு மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, கம்பியில் ஓடும் அணில்களாலும் மின்தடை வருகிறது என்று சொல்லப்போய் ஒரு மாதம் கேலிக்கு ஆளானார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கிளைகள் கம்பியைத் தொடும் இடத்தில் அணிலும் தொடும், இரண்டு கம்பியை ஒரே நேரத்தில் தொட்டால் அணிலும் போகும், மின்சாரமும் போகும். ஆனாலும் கிளையை வெட்டிவிடுவது யாருடைய வேலை என்ற கேள்வியை அணிலிடம் கேட்க முடியாது.

கணக்கின் மற்றப் பக்கத்தை யாரும் எழுதுவதில்லை. இலவம் பூக்கும் காலத்தில், முள்முருங்கை சிவந்து நிற்கும் காலத்தில், விடியற்காலையில் ஒருமுறை மரத்தின் கீழ் நின்று பாருங்கள். அணில் பூவுக்குள் முகத்தை முழுதாய்க் கொடுத்துத் தேன் குடிக்கும். வெளியே எடுக்கும்போது மீசையிலும் நெற்றியிலும் மகரந்தம் அப்பியிருக்கும். அதோடேயே அடுத்த பூவுக்குப் போகும். தேனீ செய்யும் வேலையில் ஒரு பங்கை இது செய்கிறது. அதோடு கறையான், வண்டுப்புழு, எறும்பு என்று பூச்சியும் தின்னும். வேப்பம்பழத்தையும் நாவற்பழத்தையும் ஓரிடத்தில் பறித்து இன்னோரிடத்தில் இருந்து தின்று கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும். எல்லாக் கொட்டையும் முளைப்பதில்லை, பலதை அதுவே கொறித்து முடித்துவிடும். அணில்தான் காட்டை நட்டது என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். குளிர்நாட்டு அணில் மாரிக்காக நிலத்தில் புதைத்து மறந்துபோகும் கொட்டைகள் மரமாவது பெரிய விசயம், நமது அணிலுக்கு அப்படி ஒரு மாரி இல்லை. இங்கே பனி பெய்வதில்லை, அதற்குப் பத்தாயமும் தேவையில்லை.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துப் பனைகளில் சீவல் தொழில் செய்கிறவர்களுக்கு அணிலோடு வேறு ஓர் உறவு. பாளையில் கட்டிய முட்டியில் முதற் பங்கு யாருக்கு என்று கேட்டால் சிரிப்பார்கள். இரவில் மரநாய், பகலில் அணில். மிஞ்சியதுதான் தவறணைக்கு. விஞ்ஞானப் பெயரிலேயே பனையைச் சேர்த்து வைத்திருக்கும் பிராணிக்கு அதில் உரிமை இல்லை என்று எப்படிச் சொல்வது?

இப்போது பெரியவர். மர அணில் என்று நாம் சொல்வதை விஞ்ஞானிகளுக்கு 1769 இல் அறிமுகப்படுத்தியவர் பெனன்ட் என்ற வேல்ஸ் நாட்டவர், அதுவும் இலங்கையில் இருந்து போன விபரங்களை வைத்து. இந்தியத் துணைக்கண்டத்துப் பேரணில்களில் இதுவே சிறியது. ஆனாலும் மூக்கில் இருந்து வால் நுனிவரை அளந்தால் இரண்டடியைத் தாண்டும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தவிர வேறெங்கும் இல்லை. தமிழ்நாட்டில் இதற்காகவே 1988 இல் திருவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் ஒரு சரணாலயம் அமைத்தார்கள். அங்கே அதற்குச் சாம்பல் நிற அணில் என்று பெயர். 2021 இல் அந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அக்கரையில் சரணாலயம் கிடைத்த அதே பிராணிக்கு இக்கரையில் பயிர் அழிப்பவர் பட்டியலில் இடம். இரண்டு அரசாங்கமும் பொய் சொல்லவில்லை. தென்னந்தோட்டக்காரரைக் கேட்டால் இளங்காயைத் துளைத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோம்பையைக் கீழே போடுவது எப்படி என்று காட்டுவார். நட்டம் நட்டம்தான், அதை இல்லை என்று சொல்கிறவர் தென்னை வளர்க்காதவர்.

எனக்கு இதில் ஒரு கேள்வி. மர அணில் நிலத்தில் நடக்க விரும்பாத பிராணி. மரத்துக்கு மரம் தாவியே உணவு தேடும், உச்சிக் கிளையில் இலையும் குச்சியும் சேர்த்துக் கூடு கட்டும், பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். கிளையோடு கிளை தொட்டு நிற்கும் காடு இருந்தால் பாலைப்பழமும் வீரைப்பழமும் விட்டுவிட்டு அது ஊருக்குள் வர வேண்டிய அவசியம் இல்லை. காட்டுக்கு நடுவே வீதி போட்டு, அதன் பின் ஒரு துண்டை வெட்டி, அடுத்த துண்டை எரித்து, மிச்சம் நிற்கும் மரங்களுக்கும் நமது தென்னைக்கும் இடையில்தான் கிளைத் தொடர்பு என்ற நிலைமையை உண்டாக்கியது அது அல்ல. 2025 கணக்கெடுப்பில் மர அணில் எத்தனை என்று கேட்ட படிவம், உங்கள் வளவுக்குப் பக்கத்தில் பத்து வருடத்துக்கு முன் நின்ற பாலை, முதிரை, வீரை மரங்கள் எத்தனை, இப்போது எத்தனை என்றும் கேட்டிருந்தால் விடை அந்தப் படிவத்திலேயே கிடைத்திருக்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி மரம் இன்னும் எங்கே நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் விழுதுவிட்ட ஆலமரங்கள். கடற்படைத் தளத்தின் மேடுகள். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் தொண்ணூற்றொன்பது, ஏறக்குறைய 850 ஏக்கரில். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானியர் தாக்கியபோது ஒன்று எரிந்தது, பிறகு பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் பாவனையில் இல்லாமல் கிடந்து, இரும்புக்கு மேலே காடு ஏறிவிட்டது. 2022 ஜனவரியில் இந்தியாவோடு செய்த புது ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அந்தக் காட்டுக்குள் மறுபடி ஆள் நடமாட்டம். எல்லாம் ஆட்களை வெளியே நிறுத்தி வைத்த இடங்கள். மனிதன் போகக்கூடாது என்று கம்பி அடித்த இடத்தில் மட்டும்தான் மரம் தப்பும் என்றால் அதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஆளில்லாத முற்றத்தில் அணில் விளையாடுவது தமிழில் பழைய துயரம். குறுந்தொகையின் 41 ஆவது பாட்டை எழுதியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. அணில் விளையாடும் முற்றத்தைப் பாடியதால் அணிலாடு முன்றிலார் என்றே பெயர் நின்றுவிட்டது. காதலன் பிரிந்துபோன பெண்ணின் மனதுக்கு அவர் எடுத்துக்காட்டியது, பாலை நிலத்துச் சிற்றூரில் மக்கள் விட்டுப்போன ஒரு வீட்டை. சனம் போனபின் அங்கே அணில்தான் ராசா. அழகான பிராணியை இவ்வளவு வெறுமைக்குச் சாட்சியாய் நிறுத்திய வேறொரு புலவரை எனக்குத் தெரியாது.

இந்த மாவட்டத்தில் அந்தப் பாட்டுக்கு உரை எழுத வேண்டியதில்லை. 2006 இல் யுத்தத்தால் மூதூர் கிழக்கு மக்கள் சம்பூரையும் சுற்றுக் கிராமங்களையும் விட்டு ஓடினார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காய் இருந்தார்கள். அனல்மின் நிலையம், கைத்தொழில் வலயம் என்று காணியின் மேல் வேறு திட்டங்கள் எழுதப்பட்டன. 2015 இலும் 2016 இலும் காணிகள் கட்டம் கட்டமாய்த் திரும்பக் கிடைத்தபோது பலருக்கு வீடு இருந்த இடமே தெரியவில்லை. கிணற்றுக்கட்டைக் கண்டு, நின்ற மாமரத்தைக் கண்டு, பிறகுதான் இது எங்கள் குசினி, இது விறாந்தை என்று காலால் கோடு கீறினார்கள். திரும்பிப்போன குடும்பத்தைச் சேர்ந்த வயோதிபப் பெண் ஒருவர் எங்களோடு பேசும்போது, முதல் நாள் வளவுக்குள் கால் வைத்ததும் மாமரத்தில் இருந்து அணில் கத்தியதைச் சொன்னார். "எங்கட வளவுக்குள்ள நாங்கள் வர, எங்களைக் கண்டு அது குழறுது தம்பி, கள்ளர் வந்திட்டினம் எண்டு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அடுத்த வருடம் அதே அணில் பரம்பரை தமது கொய்யாவைத் தின்கிறது என்றும் முறையிட்டார். முறைப்பாடு வந்துவிட்டது என்றால் குடியேற்றம் ஓரளவு நடந்துவிட்டது என்று அர்த்தம்.

சங்கப் புலவருக்கு அணில் ஆளில்லாமைக்கு அடையாளம். ஆளும் இருந்து அணிலும் இருக்கும் முற்றம்தான் நமக்கு வேண்டும். அது கடினமான காரியம் அல்ல, நமது அப்பு ஆச்சி காலத்து வளவு அப்படித்தான் இருந்தது. வேலியில் பூவரசும் கிளுவையும், மூலையில் புளியோ வேம்போ, கிணற்றடியில் வாழை. இப்போது வேலி மதிலாகி, முற்றம் சீமெந்தாகி, குப்பை விழுகிறது என்று வேம்பும் போய்விட்டது. நகரத்தில் அப்படி ஒரு வீதி முழுக்க நடந்தேன், ஓர் அணிலும் இல்லை, அணிலை முறையிட ஆளும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் நமது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. லண்டன் பூங்காக்களில் கையில் இருந்து கடலை வாங்கித் தின்னும் சாம்பல் அணில் அந்த நாட்டுக்கு உரியது அல்ல. 1876 இல் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்து செஷயரில் விட்டார்கள். அது பெருகி, தான் தாங்கக்கூடிய அம்மை நோயையும் பரப்பி, உள்ளூர்ச் செந்நிற அணிலை வடக்குக்கும் தீவுகளுக்கும் தள்ளிவிட்டது. நமது பக்கத்து அணிலும் அப்படிப் போயிருக்கிறது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 1898 இல் மிருகக்காட்சிச் சாலையில் இருந்து வெளியேறிய இந்திய ஐந்து வரி அணில்கள் நூறு வருடத்துக்கு மேலாக அந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டுப் போகவில்லை. ஆகவே ஊரில் இருந்து ஆசைக்கு ஒரு குட்டியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகலாமா என்று கடிதம் எழுதிய அன்பருக்குப் பதில்: கூடாது.

கேட்டவர்களுக்குக் கேட்டபடி பதில் சொல்லிவிடுகிறேன். குட்டி விழுந்து கிடந்தால் முதலில் பூனையையும் காகத்தையும் விலக்குங்கள். ஒரு சின்னப் பெட்டியில் பழந்துணி விரித்து, குட்டியை வைத்து, விழுந்த மரத்தடியிலேயே நிழலான உயரத்தில் கட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தாய் உயிரோடு இருந்தால் வந்து கழுத்தில் கவ்விக்கொண்டு போகும். குட்டி குளிர்ந்திருந்தால் சூடாக்குங்கள், குளிர்ந்த வயிற்றுக்குள் எதையும் ஊற்றவேண்டாம். பசுப்பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, பஞ்சில் தோய்த்துக் கொடுத்துக் கொன்ற குட்டிகள் ஏராளம். பொழுதுபட்டும் தாய் வராவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள், அல்லது மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கடித்துவிட்டால் சிறிய கடிதானே என்று விடாமல் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, டொக்டரிடம் காட்டுங்கள்.

ஓட்டுக்குள் கூடு வைத்தவர்களுக்கு: இரண்டு மாதம் பொறுங்கள். குட்டிகள் வெளியேறியதை நிச்சயப்படுத்திக்கொண்டு, சுவருக்கும் கூரைக்கும் இடையில் உள்ள ஓட்டையைக் கம்பிவலையால் அடையுங்கள். முன்னமே அடைத்தால் உள்ளே குட்டிகள் செத்து நாறும், வெளியே நிற்கும் தாய் ஓட்டையே இல்லாத இடத்திலும் ஓட்டை போடும். தென்னைக்குத் தகரப்பட்டி அடிக்கலாம், எலிக்கும் அதுவே தடை. ஆனால் தென்னையின் ஓலை பக்கத்து மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் தகரத்துக்குச் செலவழித்த காசு வீண். மாம்பழத்துக்குப் பை கட்டுங்கள். எட்டாத உச்சிக்கொப்பில் உள்ளதை விட்டுவிடுங்கள், அதை நீங்களும் பறிக்கப் போவதில்லை. எலி மருந்து மட்டும் வேண்டாம். அதைத் தின்ற எலியைத் தின்று சாவது ஆந்தையும் உங்கள் வீட்டுப் பூனையும். கோட்டை வாசலில் மானுக்கு பிஸ்கட் கொடுத்துப் பழக்கியதுபோல் அணிலையும் பழக்கவேண்டாம். தன் சாப்பாட்டைத் தானே தேட அதற்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். வீடு கட்டும்போதோ மதில் எழுப்பும்போதோ வளவில் நிற்கும் ஒரு பெரிய மரத்தையாவது, வேம்போ புளியோ மாவோ, விட்டுவையுங்கள். முடிந்தால் அதன் கொப்பு பக்கத்து வளவு மரத்தை எட்டும்படி விடுங்கள். அயலவர் முகம் சுளித்தால் இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். உங்கள் வளவில் எந்தெந்த மரம் நிற்கிறது, எந்த மரத்தில் அணில் கூடு கட்டுகிறது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய், வெருகல், குச்சவெளி என்று பிரதேசம் பிரதேசமாய்த் தொகுத்து இந்த இதழிலேயே வெளியிடுகிறோம். கடிதம் எழுத நேரம் இல்லாதவர்கள் ஒன்று செய்தால் போதும். இந்த வெயில் காலத்தில் தண்ணீர் தேடி வரும் அணில்கள் மூடியில்லாத தொட்டிகளுக்குள் விழுந்து, வழுக்கும் சீமெந்தில் ஏற முடியாமல் சாகின்றன. உங்கள் தொட்டிக்கு மூடி இல்லையென்றால் இன்றைக்கே அதற்குள் ஒரு தடியைச் சாய்த்து வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்